ஓரமாகப் போகிறவர்களுக்கு என்ன சட்டம்?

கோவையில் மிதிவண்டிக்காரர் ஒருவர் சிவப்பு விளக்கைத் தாண்டிப் போனால், மோட்டார் வாகனச் சட்டத்தை வைத்து அவரைப் பிடிக்க முடியாது. 1988ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தில், சாலைக் குறியீடுகளுக்குக் கட்டுப்பட வேண்டும் என்று சொல்லும் 119ஆம் பிரிவு மோட்டார் வாகனத்தை ஓட்டுகிறவருக்கானது. தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கும் 129ஆம் பிரிவும் அப்படியே. உரிமம், பதிவெண், காப்பீடு என்று பைக் ஓட்டுகிறவர் சுமக்கிற எதுவும் சைக்கிளுக்குக் கிடையாது. இயந்திர விசையால் ஓடாத வண்டியை அந்தச் சட்டம் வண்டியாகவே எண்ணுவதில்லை. வேறு சட்டங்களில் போலீசுக்குப் பொதுவான அதிகாரங்கள் உண்டு. ஆனால் சைக்கிளுக்கென்று எழுதிய முழுமையான சாலைச் சட்டம் தமிழ்நாட்டில் இல்லை.

கேட்பதற்கு இது சலுகை மாதிரி இருக்கும். தினமும் சைக்கிள் மிதிக்கிறவர்கள் இதைச் சலுகையாகப் பார்ப்பதில்லை. கடமை எழுதப்படாதவர்களுக்குச் சாலையில் இடமும் எழுதப்படவில்லை. சிங்காநல்லூரில் இரவு ஷிப்ட் முடித்துத் திரும்பும் மில் தொழிலாளி, கணபதிப் பக்கம் ஃபவுண்டரிக்குப் போகிறவர், திருப்பூர் பனியன் கம்பெனிக்கு விடியற்காலையில் மிதிக்கும் பீகார், ஒடிசா இளைஞர்கள், கேனைக் கட்டிக்கொண்டு டீ விற்கிறவர் என்று எல்லாருக்கும் சாலையில் கிடைக்கும் ஒரே விதி, பின்னால் வருகிறவர் ஹாரனோடு சேர்த்துக் கத்தும் "ஓரமாப் போ" என்பதுதான். ஓரம் எங்கே முடிகிறது, சாக்கடை எங்கே தொடங்குகிறது என்று யாரும் சொல்வதில்லை.

இந்தக் கட்டுரை கருத்துக்கணிப்பு அல்ல. சைக்கிள் மிதிக்கிறவர்கள் பொதுவாக எதைக் கேட்கிறார்கள், எதற்கு எரிச்சல்படுகிறார்கள் என்பதைச் சட்டப் பிரிவுகளின் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் முயற்சி. அதற்கு இப்போது ஒரு காரணமும் இருக்கிறது. மாநில அரசே சைக்கிளுக்கு விதி எழுதலாம், எழுத வேண்டும் என்ற நிலை வந்திருக்கிறது. அந்த நிலை வந்த வழி கோயமுத்தூரிலிருந்துதான் தொடங்குகிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் பழைய கதை. 1932இல் பைக்காரா நீர்மின்சாரம் வந்த பிறகு கோவையில் மில்கள் பெருகின. மில் சங்கு ஊதினால் பீளமேட்டிலும் உப்பிலிபாளையத்திலும் சாலை முழுக்கச் சைக்கிள்தான் என்று வயதானவர்கள் சொல்வார்கள். அந்தக் காலத்தில் சைக்கிளுக்குச் சட்டம் இருந்தது, அதுவும் கறாராக. உள்ளாட்சி மன்றம் ஆண்டு வரி வாங்கிக்கொண்டு ஒரு உலோக வில்லை கொடுக்கும். அதை வண்டியில் மாட்டியிருக்க வேண்டும். இருட்டிய பிறகு விளக்கில்லாமல் போனால் போலீஸ் பிடிக்கும். டபுள்ஸ் போனாலும் பிடிக்கும். அபராதம் கட்டக் காசில்லாதவரின் டயரில் காற்றைப் பிடுங்கிவிடுவார்கள். அவர் வீடுவரை தள்ளிக்கொண்டே போக வேண்டும். டைனமோ வேலை செய்யாத நாளில் போலீஸ்காரர் தலை தெரிந்ததும் குதித்து இறங்கித் தள்ளிக்கொண்டு போன அனுபவம், அறுபதைக் கடந்த கொங்கு ஆண்களில் பாதிப் பேருக்காவது இருக்கும்.

வில்லையும் வரியும் பின்னாளில் போய்விட்டன. அவை விட்டுச்சென்ற மனநிலை போகவில்லை. சைக்கிள் சட்டம் என்றதும் மூத்தவர்கள் நினைவுக்கு வருவது பாதுகாப்பு அல்ல, வசூல். "சட்டமெல்லாம் ஒண்ணும் வேண்டாமுங்க, லாரிக்காரன் பாத்து வந்தாப் போதும்" என்கிற மாதிரிப் பேச்சைச் சோம்பேறித்தனம் என்று தள்ளிவிட முடியாது. அந்தச் சட்டங்கள் சைக்கிள்காரரைக் கண்காணித்தன. அவர்மேல் மோதக்கூடியவரைக் கண்காணிக்கவில்லை. புதிய விதி எதையும் எழுதுகிறவர் முதலில் இந்த அவநம்பிக்கையைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

சைக்கிள் மறைந்துகொண்டிருக்கிற வண்டி, அதற்கெதற்குச் சட்டம் என்று கேட்கலாம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு வீடுகளில் ஏறத்தாழ 45 சதவீதத்தில் சைக்கிள் இருந்தது. மோட்டார் இருசக்கர வண்டி ஏறத்தாழ 32 சதவீதத்தில். அதற்குப் பிறகு பைக் பெருகியிருக்கும் என்பது தெருவைப் பார்த்தாலே தெரியும். ஆனால் இன்னொரு பக்கம் அரசே சைக்கிளைப் பெருக்குகிறது. 2001-02இல் பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கிய விலையில்லா மிதிவண்டித் திட்டம், பிறகு அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் அந்த வகுப்பில் படிக்கும் எல்லாருக்கும் விரிந்தது. இப்போது ஆண்டுக்கு ஐந்து லட்சம் அளவில் சைக்கிள்கள் போகின்றன. பதினாறு வயதுப் பிள்ளைகள் கையில் ஆண்டுதோறும் இத்தனை சைக்கிளைக் கொடுத்துச் சாலைக்கு அனுப்புகிறது மாநிலம். அந்தப் பிள்ளைகள் போகும் சாலையைப் பற்றி மட்டும் எந்த விதியும் பேசுவதில்லை. வண்டி கொடுக்கும் நாளில் விழா நடக்கிறது, விளக்கு கொடுப்பதில்லை.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகக் கணக்கின்படி 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 4,836 பேர் சைக்கிளில் போனவர்கள். அந்த ஆண்டு நாட்டிலேயே அதிக விபத்துகள், 64,105, பதிவானது தமிழ்நாட்டில், இறந்தவர்கள் 17,884. சைக்கிள்காரர்களின் பங்கு மூன்று சதவீதத்துக்கும் குறைவு என்பதால் இது சின்ன எண்ணாகத் தோன்றும். சாலையில் ஓடும் தூரத்தில் சைக்கிளின் பங்கு எவ்வளவு என்று சேர்த்துப் பார்த்தால்தான் அந்த மூன்று சதவீதத்தின் கனம் புரியும்.

இனி கேட்பவர்கள் யார் என்று பார்க்கலாம். கோவையில் இரண்டு வகைச் சைக்கிள்காரர்கள் இருக்கிறார்கள். இருவரும் ஒருவரை ஒருவர் அதிகம் சந்திப்பதில்லை. ஒருவர் ஞாயிறு விடியற்காலையில் கியர் சைக்கிளில் ரேஸ்கோர்ஸிலிருந்து கிளம்பிச் சிறுவாணிச் சாலையிலோ மருதமலை அடிவாரத்திலோ மிதிப்பவர். கொஞ்சம் தேறியவர் கோத்தகிரி ஏறுவார்; நாற்பது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வால்பாறை போவார்; பிரவே எனப்படும் 200 கிலோமீட்டர் நெடுந்தூரச் சைக்கிள் ஓட்டங்களில் கலந்துகொள்வார். பிரவே விதிப்படி தலைக்கவசம் கட்டாயம்; இரவென்றால் முன்விளக்கு, பின்விளக்கு, ஒளிரும் மேலங்கியும் கட்டாயம். ஆகவே அரசு நாளைக்கே தலைக்கவச விதி போட்டாலும் அவருக்கு எதுவும் மாறாது. இன்னொருவர் வாரத்தில் ஆறு நாள் வேலைக்கு மிதிப்பவர். ஞாயிறு அவர் சைக்கிளுக்கும் ஓய்வு.

தலைக்கவசத்தில்தான் இரு தரப்பும் பிரிகின்றன. முதல் தரப்பில் பலர் அதைச் சட்டமாக்கலாம் என்பார்கள். அது இல்லாமல் மிதிக்கிறவரைப் பார்த்தால் அவர்களுக்கு மனம் பதைக்கும். இரண்டாவது தரப்புக்கு அது ஒரு நாள் கூலி, வேர்வை, வேலையிடத்தில் வைக்க இடமில்லாத இன்னொரு பொருள், போலீஸ் நிறுத்துவதற்கு இன்னொரு காரணம். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 1990இல் சைக்கிளுக்குத் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது. தலைக்காயம் குறைந்ததா, சைக்கிள் விடுகிறவர்களே குறைந்ததால் காயம் குறைந்ததா என்ற வாதம் அங்கே இன்னும் ஓயவில்லை. தலைக்கவசம் தலையைக் காக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பிள்ளைகளுக்கு வாங்கிக்கொடுக்கச் சொல்வேன். சட்டத்தை அங்கிருந்து தொடங்குவதுதான் தவறு. பின்னாலிருந்து வரும் டிப்பர் லாரியின் சக்கரத்துக்கு அந்த நுரைக்கூடு ஒரு பொருட்டில்லை. அந்த லாரிக்கு எதுவும் சொல்லாமல் சைக்கிள்காரரின் தலைக்கு மட்டும் விதி எழுதுவது பழைய வில்லைக் காலத்துக்கே திரும்புவதாகும்.

விளக்கு வேறு கதை. மேல்நாட்டு வண்டி வைத்திருப்பவர், மூத்த மில் தொழிலாளி, பள்ளிக்கூடப் பிள்ளையின் தாய் யாரைக் கேட்டாலும் இரவில் சைக்கிள் தெரிய வேண்டும் என்பதில் வேறுபாடு இல்லை. டைனமோ போன பிறகு அதன் இடத்துக்கு எதுவும் வரவில்லை. சைக்கிளில் பொருத்தும் ஒளிதிருப்பிகளுக்குத் தரம் விதிக்கும் ஆணையை மத்திய அரசு 2020இல் பிறப்பித்தது. அது தயாரிப்பாளருக்கானது, ஏற்கெனவே ஓடும் பழைய வண்டிக்கு அதனால் பயனில்லை. இங்கே மாநிலம் செய்யக்கூடியது எளிது: விலையில்லா மிதிவண்டியை முன்னும் பின்னும் விளக்கோடு கொடுப்பது, உள்ளாட்சி மூலம் பழைய வண்டிகளுக்கு ஒளிப்பட்டை ஒட்டுவது. இதற்கு அபராதம் தேவையில்லை. ஆனால் எதிரில் வரும் காரின் வெள்ளை விளக்கு கண்ணை அடித்துவிட்டால் சைக்கிளின் சின்ன விளக்கு எரிந்தும் பயனில்லை. அதற்கு அபராதம் தேவை.

சைக்கிள்காரர்மீது மற்றவர்கள் சொல்லும் பெரிய குற்றச்சாட்டு, எதிர்ப்புறத்தில் வருகிறார்கள் என்பது. உண்மைதான், வருகிறார்கள். ஏன் வருகிறார்கள் என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

கொங்கு நாட்டுக் குடியிருப்பு தோட்டந்தோட்டமாகப் பரவியது. தோட்டத்து வீட்டிலிருந்து இருபுறமும் வேலி அடைத்த இட்டேரி வழியாக வந்து ஊர்ச்சாலையைப் பிடிப்பதும், அங்கிருந்து பள்ளிக்கூடமோ சந்தையோ போவதும் பழைய வழக்கம். அந்த இட்டேரிகள் பலவற்றின் முனையில் இன்று சேலம்–கொச்சி தேசிய நெடுஞ்சாலை 544 குறுக்கே கிடக்கிறது. பவானி, பெருந்துறை, அவினாசி, கோவை என்று கொங்கு நாட்டை நீளவாக்கில் பிளந்துகொண்டு போகும் சாலை அது. நடுவில் தடுப்பு. எதிர்ப்பக்கத்துத் தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் அடுத்த கீழ்ப்பாலம்வரை போய்த் திரும்பி வர வேண்டும். காருக்கு அது ஆக்ஸிலேட்டரில் ஒரு அழுத்தம். மணிக்குப் பதினைந்து கிலோமீட்டரில் போகும் சைக்கிளுக்கு ஒரு கிலோமீட்டர் சுற்று என்பது நான்கு நிமிட மிதி. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று முகத்தில் அறையும்போது அது இரட்டிப்பாகும். பால் கேனோ புல்லுக்கட்டோ பின்னால் இருந்தால் சொல்லவே வேண்டாம். அதனால் எதிர்ப்புறமாக நூறு கெஜம் வந்து இடைவெளியில் தள்ளிக் கடக்கிறார். அவர் செய்வது ஆபத்து என்று அவருக்கே தெரியும். சாலையை வரைந்தவர் அவரைக் கணக்கில் எடுக்காததால், அவரும் சாலையின் கணக்கை எடுத்துக்கொள்வதில்லை.

நகருக்குள் இதே சிக்கல் வேறு உருவில் இருக்கிறது. சில ஆண்டுகளாகக் கோவை மாநகரப் போக்குவரத்துக் காவல்துறை பல சந்திப்புகளில் சிக்னலை எடுத்துவிட்டு யூ-டர்ன் முறையையும் ரவுண்டானாக்களையும் கொண்டுவந்திருக்கிறது. லாலி ரோடு சந்திப்பு பலருக்கும் தெரிந்த உதாரணம். வாகனங்கள் நிற்காமல் நகர்கின்றன, காத்திருப்பு குறைந்திருக்கிறது என்பதைக் கார் ஓட்டுகிறவர்கள் மெச்சுகிறார்கள். சைக்கிளில் போகிறவருக்குச் சிக்னல் என்பது தடையாக இருந்ததில்லை. அது அவருக்குக் கிடைத்த முப்பது நொடி அமைதி. எல்லா வண்டிகளும் நிற்கும் நேரத்தில் அவர் நேராகக் கடந்துபோனார். இப்போது அவர் முதலில் இடப்புறம் திரும்ப வேண்டும், பிறகு வேகமாக ஓடும் வண்டிகளுக்கு நடுவே வலது ஓரத்துக்கு நகர வேண்டும், திரும்பியதும் மறுபடி இடது ஓரத்துக்கு வர வேண்டும். கைகாட்டினால் வழிவிடும் வழக்கம் நம் ஊரில் இல்லை. ஒரு சந்திப்பைக் கடக்க மூன்று முறை உயிரைப் பணயம் வைப்பதைவிட இறங்கித் தள்ளுவதே மேல் என்று பலர் முடிவு செய்கிறார்கள். இறங்கியதும் அவர் பாதசாரி, பாதசாரிக்கும் அங்கே வழியில்லை. இந்த முறையை முழுக்கக் கைவிடச் சொல்லவில்லை. ஆனால் சந்திப்பு ஒன்றை மாற்றும் முன் நடப்பவரும் மிதிப்பவரும் எப்படிக் கடப்பார்கள் என்று எழுத்தில் காட்ட வேண்டும் என்ற விதி மாநிலத்தில் இருந்திருந்தால், வரைபடங்கள் வேறு மாதிரி வந்திருக்கும்.

வாரக்கடைசிச் சைக்கிள்காரர்கள் அதிகம் பேசும் கோரிக்கை முந்தும் இடைவெளி. ஜெர்மனியில் 2020 முதல் ஊருக்குள் சைக்கிளை முந்தும் மோட்டார் வண்டி ஒன்றரை மீட்டர் விலகிப் போக வேண்டும், ஊருக்கு வெளியே இரண்டு மீட்டர். பிரான்சில் ஊருக்குள் ஒரு மீட்டர், வெளியே ஒன்றரை. அமெரிக்காவில் பல மாநிலங்களில் மூன்றடி. இந்தியாவில் 2017ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள், பாதசாரி, சைக்கிள்காரர், குழந்தைகள், முதியோர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோரிடம் ஓட்டுநர் தனிக் கவனம் காட்ட வேண்டும் என்கின்றன. நல்ல வாசகம். மீட்டர் கணக்கு இல்லாததால் இடித்த பிறகுதான் கவனம் இல்லை என்று நிரூபிக்க முடியும்.

அந்த ஒன்றரை மீட்டரை நம் சாலையில் வைத்து அளந்து பார்க்கலாம். கிராமப்புறத்தில் சாதாரணமாகக் காணும் ஒன்றரை வழிச்சாலையின் தார் அகலம் ஐந்தரை மீட்டர். பேருந்தின் அகலம் சட்டப்படி 2.6 மீட்டர்வரை இருக்கலாம். எதிரும் புதிருமாக இரண்டு பேருந்துகள் வந்தால் 5.2 மீட்டர் போய்விடும். மிச்சம் முப்பது சென்டிமீட்டர். சைக்கிள் கைப்பிடியின் அகலமே அறுபது. ஏழு மீட்டர் இருவழிச்சாலையிலும் இரண்டு பேருந்து, ஒரு சைக்கிள் போக எல்லா இடைவெளிக்கும் சேர்த்து ஒன்றேகால் மீட்டர்கூடத் தேறாது. ஆக, சைக்கிள்காரர் மண்ணில் இறங்கிவிடுவார் என்ற எதிர்பார்ப்பின்மேல்தான் இந்தச் சாலைகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. மழைக்குப் பிறகு தாரின் விளிம்புக்கும் மண்ணுக்கும் அரையடிப் பள்ளம் விழுந்திருக்கும். இறங்குகிறவர் சாய்கிறார், சாய்கிறவர்மேல் பின்சக்கரம் ஏறுகிறது. நாளிதழில் அது "நிலைதடுமாறி விழுந்து" என்று வரும்.

எனவே ஒன்றரை மீட்டர் விதி என்பதன் உண்மையான பொருள், எதிரில் வண்டி வரும்போது பேருந்து சைக்கிளின் பின்னால் பொறுத்து வர வேண்டும் என்பதே. விலகு என்று சைக்கிளுக்குச் சொல்லிவந்த சாலை, பொறு என்று பேருந்துக்குச் சொல்ல வேண்டும். தனியார் பேருந்துகள் நிமிடக் கணக்கில் போட்டிபோடும் கோவை–பொள்ளாச்சி, ஈரோடு–சத்தி தடங்களில் இதை அமல்படுத்த முடியுமா என்று கேட்டால், ஓட்டுநரை மட்டும் தண்டித்து முடியாது என்றுதான் சொல்ல வேண்டும்; தடத்தின் நேர அட்டவணையையும் தொட வேண்டியிருக்கும். எண் ஒன்று சட்டத்தில் இருந்தால் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியிலாவது அதைச் சொல்லிக்கொடுப்பார்கள். அது இல்லாமல் சொல்லிக்கொடுக்கவும் எதுவுமில்லை.

வேகம் குறைய வேண்டும் என்பதில் இரு தரப்பும் ஒரே குரலில் பேசுகின்றன. 2020 பிப்ரவரியில் ஸ்டாக்ஹோமில் கூடிய உலக நாடுகளின் அமைச்சர்கள் மாநாடு, நடப்பவரும் மிதிப்பவரும் வாகனங்களோடு கலக்கும் இடங்களில் மணிக்கு 30 கிலோமீட்டரை உச்ச வேகமாக்கச் சொன்னது. கோவையில் அதைத் தொடங்க ஓர் இடமும் இருக்கிறது. 2025 அக்டோபரில் அவினாசி சாலைக்கு மேலே உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ்வரை 10.1 கிலோமீட்டர் நீளத்துக்கு ஜி.டி. நாயுடு பெயரில் மேம்பாலம் திறக்கப்பட்டது. செலவு 1,791 கோடி ரூபாய். வேகமாகப் போக வேண்டியவர்களுக்கு மேலே ஒரு சாலை கிடைத்திருக்கிறது. அப்படியானால் கீழே உள்ள பழைய அவினாசி சாலையில் வேகத்தைக் குறைத்து, ஒரு பகுதியைச் சைக்கிளுக்கும் நடைக்கும் ஒதுக்குவதில் நியாயமான தடை என்ன இருக்கிறது?

சைக்கிள் பாதை கோவையில் இல்லாமலில்லை. உக்கடம் பெரியகுளம் போன்ற குளக்கரைகளில் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் அமைத்திருக்கிறார்கள். மாலையில் பிள்ளைகள் ஓட்டுகிறார்கள், பார்க்க அழகாக இருக்கிறது. வேலைக்குப் போகிறவர் குளத்தைச் சுற்றி வர வேண்டியதில்லை. 2018இல் சீனாவின் ஓஃபோ நிறுவனம் மஞ்சள் நிற வாடகைச் சைக்கிள்களை இங்கே இறக்கியது. அதே ஆண்டில் நாட்டைவிட்டே போய்விட்டது. வண்டி கொடுத்தால் ஆள் வந்துவிடுவார் என்ற எண்ணம் விலையில்லா மிதிவண்டியிலும் வாடகை மிதிவண்டியிலும் ஒன்றுதான். சாலை மாறாமல் வண்டியை மட்டும் மாற்றிக்கொண்டிருக்கிறோம்.

சைக்கிளுக்குத் தனிப்பாதை எப்போது வேண்டும் என்பதை இந்தியச் சாலைப் பேராயம் 1962இலேயே எழுதிவைத்திருக்கிறது. ஒரு மணி நேரத்தில் இருநூறுக்கு மேல் மோட்டார் வண்டிகள் ஓடும் சாலையில், நூறு சைக்கிள் போனாலே தனிப்பாதை நியாயம் என்பது அந்த நெறிமுறை. 2015இல் அதைத் திருத்தியும் வெளியிட்டார்கள். திருச்சி சாலையிலோ சத்தி சாலையிலோ இருநூறு வண்டிகள் கடக்கச் சில நிமிடம் போதும். நெறிமுறை நெறிமுறையாகவே இருந்ததால் அதை மீறினார்கள் என்று யாரும் யார்மீதும் வழக்குப் போட முடியவில்லை. சென்னை மாநகராட்சி 2014இல் மோட்டார் அல்லாத போக்குவரத்துக் கொள்கை ஒன்றை நிறைவேற்றியது. நல்ல தொடக்கம், ஆனால் கொள்கைக்கும் சட்டத்துக்கும் உள்ள தூரம் அங்கேயும் தெரிந்தது. கர்நாடகம் 2022இல் நடப்பவர், மிதிப்பவர் உரிமைகளுக்கென்றே ஒரு சட்ட வரைவை மக்கள் கருத்துக்கு வைத்தது.

கோயமுத்தூர் வழியாக வந்த வாய்ப்பு என்று முன்னே சொன்னது இதுதான். கங்கா மருத்துவமனையின் எலும்பு முறிவு சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரன் 2012இல் உச்ச நீதிமன்றத்தில் சாலைப் பாதுகாப்புக்காகப் பொதுநல வழக்குத் தொடுத்தார். சதை கிழிந்து எலும்பு வெளியே தெரியும் கால் முறிவுகளை மதிப்பிட அந்த மருத்துவமனை உருவாக்கிய மதிப்பெண் முறை உலகில் பல இடங்களில் பயனாகிறது. அத்தகைய முறை ஒன்று கோவையில் பிறந்ததற்கு நம் சாலைகளே காரணம் என்று நினைக்கத் தோன்றுகிறது. அந்த வழக்கில்தான் 2014இல் நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் குழு வந்தது; 2017 நவம்பரில் எல்லா மாநிலங்களுக்கும் மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழு உள்பட விரிவான உத்தரவுகள் வந்தன. 2019இல் நாடாளுமன்றம் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது 138ஆம் பிரிவில் 1ஏ என்ற உட்பிரிவு சேர்ந்தது: இயந்திர விசையில்லாத வாகனங்களும் பாதசாரிகளும் பொது இடங்களிலும் தேசிய நெடுஞ்சாலைகளிலும் இயங்குவதையும் அணுகுவதையும் ஒழுங்குபடுத்த மாநில அரசு விதி செய்யலாம். 210டி பிரிவு, தேசிய நெடுஞ்சாலை அல்லாத சாலைகளின் வடிவமைப்புத் தரத்துக்கு மாநிலம் விதி செய்யலாம் என்றது. ஆண்டுகள் போயின. 2025 அக்டோபர் 7ஆம் தேதி அதே ராஜசேகரன் வழக்கில், இந்த இரண்டு பிரிவுகளின் கீழும் ஆறு மாதத்துக்குள் விதிகளை வகுக்கும்படி மாநிலங்களுக்கு உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கண்கூசும் முகப்பு விளக்குகளைக் கட்டுப்படுத்தவும் அதே உத்தரவில் சொன்னது.

சைக்கிள்காரர்கள் மகிழ வேண்டிய செய்தி. ஆனால் 138(1ஏ)வின் வாசகத்தை இன்னொரு முறை படித்துப் பார்க்க வேண்டும். அது ஒழுங்குபடுத்தச் சொல்வது சைக்கிளை. சைக்கிளை இடிக்கும் வண்டியை அல்ல. அதே வாசகத்தை வைத்து ஓர் அரசு, நடப்பவருக்கும் மிதிப்பவருக்கும் முன்னுரிமை தரும் விதிகளையும் எழுதலாம். இந்த இந்தச் சாலையில் சைக்கிள் வரக் கூடாது என்றும் எழுதலாம். இரண்டாவது வெறும் கற்பனை அல்ல. 2013இல் கொல்கத்தா போலீஸ் 174 சாலைகளில் சைக்கிளைத் தடை செய்தது. எதிர்ப்புக்குப் பிறகு அந்த எண்ணிக்கை 62ஆகக் குறைந்தது. பால்காரரும் நாளிதழ் போடுகிறவரும்தான் அங்கே அபராதம் கட்டினார்கள். நாளைக்குக் கோவையில் "உங்கள் பாதுகாப்புக்காகவே" என்ற பலகையோடு அவினாசி சாலையில் சைக்கிளுக்குத் தடை வந்தால், சட்டப்படி அதற்கு இந்த உட்பிரிவே போதுமானதாக இருக்கும். நெடுஞ்சாலையில் சைக்கிள் கூடாது என்று சொல்ல வேண்டுமானால், அதற்கு முன் தொடர்ச்சியான இணைப்புச் சாலையும் பிள்ளைகள் கடக்கக்கூடிய கீழ்ப்பாலமும் இருக்க வேண்டும் என்பதையும் அதே விதியில் எழுத வேண்டும்.

இழப்பீடு பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மோட்டார் வண்டி மோதி இறந்தவரின் குடும்பத்துக்கு, யார் தவறு என்று நிரூபிக்காமலே ஐந்து லட்சம் ரூபாய் 164ஆம் பிரிவின் கீழ் உண்டு. கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம். மோதிவிட்டு ஓடிய வண்டி பிடிபடாவிட்டால் இறப்புக்கு 2022 முதல் இரண்டு லட்சம், முன்பு அது வெறும் இருபத்தைந்தாயிரம். அதற்கு மேல் கேட்கத் தீர்ப்பாயத்துக்குப் போனால், விளக்கு இருந்ததா, இடதுபுறம்தான் போனாரா என்ற கேள்விகள் செத்தவரை நோக்கி வரும். பங்குத் தவறு என்று தொகையில் ஒரு பகுதி கழியும். நெதர்லாந்தின் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 185ஆம் பிரிவு இந்தச் சுமையைத் திருப்பிப் போடுகிறது. அங்கே சைக்கிள்காரரோடு மோதினால், தான் தவிர்க்கவே முடியாத சூழல் என்று காட்ட வேண்டியவர் மோட்டார் வண்டிக்காரர். தமிழ்நாடு 2021 டிசம்பரில் தொடங்கிய "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டம், அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக்கியது. அதை மனமாரப் பாராட்டுகிறேன். இந்த மாநிலம் அடிபட்டவரிடம் அன்பாகத்தான் இருக்கிறது. அடிபடுவதற்கு முந்தைய நொடியில்தான் யாருமில்லை.

தினமும் மிதிக்கிறவர்கள் கேட்பதைத் தொகுத்தால் நீண்ட பட்டியல் வராது. வேகம் குறைய வேண்டும், முந்துகிறவர் விலக வேண்டும், சந்திப்பில் நேராகக் கடக்க வழி வேண்டும், தார் விளிம்பில் பள்ளம் கூடாது, விளக்கு வாங்க உதவி வேண்டும். இவற்றில் கடைசியைத் தவிர எதுவும் சைக்கிள்காரர் செய்ய வேண்டியது அல்ல என்பதைக் கவனித்தால், நம்மிடம் இருக்கும் சட்டமும் அவர்கள் கேட்கும் சட்டமும் எந்த இடத்தில் விலகுகின்றன என்பது தெரியும். சாலையைத் தவறாக வடிவமைத்து உயிர் போனால் ஒப்பந்ததாரருக்கும் பொறுப்பான அமைப்புக்கும் ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதம் விதிக்கும் 198ஏ பிரிவு 2019 முதல் இருக்கிறது. யூ-டர்ன் இடைவெளிகளையும் விளிம்புப் பள்ளங்களையும் அந்தப் பிரிவோடு சேர்த்துப் பேச வேண்டிய நேரம் இது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 212ஆம் பிரிவின்படி எந்த விதியையும் முன்கூட்டியே வரைவாக வெளியிட்டு ஆட்சேபம் கேட்ட பிறகே இறுதி செய்ய முடியும். விதியானாலும் அதற்குப் பின்னால் வரும் திருத்தமானாலும் இதுவே முறை. பொதுவாக அந்த அறிவிப்பு அரசிதழில் வந்து, படிக்க ஆளில்லாமல் கிடந்து, காலம் முடிந்து சட்டமாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை மிதிக்கிறவர்களுக்கு வழக்கறிஞர் நண்பர்கள் இருக்கிறார்கள், கணினி இருக்கிறது, கேட்டால் ஆட்சியரைச் சந்திக்கவும் முடியும். அடுத்த வரைவு வெளியாகும் நாளில் அதைத் தமிழில் அச்சடித்து மில் வாசலிலும் பனியன் கம்பெனி கேட்டிலும் சைக்கிள் கடையிலும் ஒட்டுங்கள். இந்தியிலும் ஒடியாவிலும் ஒரு பிரதி போடுங்கள். தினமும் மிதிக்கிறவர்கள் சொல்வதை எழுதி வாங்கி, உங்கள் கோரிக்கைக்கு மேலே அதை வைத்து, மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கும் போக்குவரத்துத் துறைக்கும் அனுப்புங்கள்.